தீவுக்கு உகந்த மாதம் தேடிய ஓய்வுக் குழு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயரும் போய்விட்டது. ஆனால், எங்கள் தீவுக்குச் சுற்றுலா போக வருடத்தில் உகந்த மாதம் எது என்று கண்டறியப் பாடுபட்டவர்களின் பெயர்கள், அவர்களுடைய மாமனார் மாமியார் பெயர்கள் உட்பட, என் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் குழுவின் செயலாளர் அடியேன்.

குழு அமைத்த ஆணையில் ஒரு சிறு பிழை. ‘ஆய்வுக் குழு’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் தட்டச்சர் அம்மா ‘ஓய்வுக் குழு’ என்று அடித்துவிட்டார். திருத்த வேண்டுமானால் இன்னொரு ஆணையும் ஏழு கையெழுத்துகளும் வேண்டும்.

“ஆணைன்னா ஆணைதான். அதுல என்ன போட்டிருக்கோ அதைச் செய்வோம்” என்றார் தலைவர். கடமையுணர்ச்சி என்றால் அது.

உகந்த மாதம் தெரியாமல் பொதுமக்கள் போய் அவதிப்படக் கூடாதல்லவா? ஆகவே அறிக்கை வரும்வரை தீவுப் படகில் குழுவினரைத் தவிர வெளியாள் யாரையும் ஏற்றக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டோம். மறுநாளே தீவிலிருந்து விடுதிக்கார அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றார். தீவில் இருப்பது அவருடைய விடுதி ஒன்றுதான். ஆறு அறைகள்.

“சார், வெளியாள் வந்தாதான் எனக்குப் பிழைப்பு. ஏதாவது ஒரு மாசத்தைச் சொல்லி உத்தரவை எடுத்துடுங்க. இல்லாட்டி விடுதியை மூட வேண்டியதுதான்.”

“அவசரப்பட்டா எப்படிம்மா? பன்னெண்டு மாசமும் போய்ப் பார்த்தாத்தானே ஒண்ணைச் சொல்ல முடியும்? உங்களுக்காகத்தான் இவ்வளவு பாடும்” என்றார் தலைவர்.

“எங்க தங்குவீங்க?”

“உங்ககிட்டதான். அரசு விருந்தினர், வாடகை கிடையாது. மனசார வச்சுக்குங்க.”

அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நன்றி மிகுந்தால் அப்படித்தான் ஆகும்.

மாதம் தவறாமல் போனோம். வானிலை நிபுணராகத் தலைவரின் மைத்துனர் வந்தார். அவரிடம் கருவி எதுவும் கிடையாது; இடது முழங்கால் வலித்தால் மழை. ஜூலையில் முழங்கால் வலித்தும் மழை வரவில்லை. ‘தீவு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி ஜூலையை நீக்கினோம். ஜனவரியில் காற்று தலைவரின் தொப்பியைக் கொண்டுபோனது. காற்றுக்கு மரியாதை தெரியாத மாதம் எப்படி உகந்ததாகும்?

மே மாதத்தை மட்டும் நான் நம்பியிருந்தேன். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆனால் கூட்டம்! காலையில் குளியலறை வாசலில் பதினொரு பேர் வரிசை. அதில் எட்டுப் பேர் என் வீட்டார். மீதி மூவர் தலைவரின் சம்பந்தி வீட்டார்.

“அக்கா, சோப்பு தீர்ந்துபோச்சு!” என்று என் மச்சினி உள்ளேயிருந்து கத்த, விடுதிக்கார அம்மா ஓடினார். “இந்த நெரிசல்ல மனுஷன் எப்படித் தங்குவான்?” என்று தலைவர் மனம் நொந்து, தம் குடும்பத்துக்கு இன்னோர் அறையை ஒழித்துத் தரச் சொன்னார். அந்த அறை விடுதிக்கார அம்மா படுக்கிற அறை. அவர் சமையலறைக்குப் பாயைக் கொண்டுபோனார்.

ஆண்டு முடிந்தது. கரையில் எங்கள் அலுவலகத்தில் நடந்த இறுதிக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தேன். பன்னிரண்டு மாதங்களும் தேறவில்லை. பன்னிரண்டுக்கும் பொதுவான குறை: ‘தீவில் கூட்டம் அதிகம்.’

“யார் இவ்வளவு பேர் வர்றது? நாமதான் தடை போட்டிருக்கோமே!” என்று தலைவர் கொதித்தார். மைத்துனர் முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் கோப்பைப் புரட்டினேன். கோப்பில் பார்க்க வேண்டியவற்றை மட்டுமே பார்ப்பது என் பழக்கம்.

கடைசியில் சாட்சி சொல்ல விடுதிக்கார அம்மாவை அழைத்தோம்.

“நீங்களே சொல்லுங்கம்மா. எந்த மாசம் நல்லா இருக்கும்?” என்றார் தலைவர்.

“எல்லா மாசமும் நல்லாத்தான் சார் இருக்கும். நீங்க வராத மாசம்னு ஒண்ணு இருந்தா.”

சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுருக்கென்றது. பேனாவை மூடி வைத்தேன். தலைவர்தான் நிலைமையைக் காப்பாற்றினார்.

“அருமையான கருத்து! பதிவு பண்ணுங்க. ஆனா வாய்ச்சொல்லை வச்சு அறிக்கை தர முடியாதே. நாம போகாதப்ப தீவு எப்படி இருக்குன்னு, நாம நேர்ல போய்ப் பார்த்துடணும்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாளைக் காலைப் படகு. குடும்பத்தோடு இருபத்தேழு பேர்.

விடுதிக்கார அம்மா எழுந்தார். ஆறு அறைகளின் சாவிகளையும் இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். தோளில் பையை மாட்டிக்கொண்டு, தீவுப் படகுத்துறைக்கு எதிர்த்திசையில் நடந்தார். ‘இனி அறைகளைக் குழுவினர் தாங்களே திறந்துகொள்ளலாம் எனப் பொதுமக்கள் தரப்பில் முழு ஒத்துழைப்பு நல்கப்பட்டது’ என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன்.