குழாயடி வேர்வை

நாளை முதல் உடற்பயிற்சி செய்யப் போகிறேன் என்று வானமாமலை அறிவித்தபோது, அவன் மனைவி செண்பகவல்லி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே அவன் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

வானமாமலைக்கு இருபத்தாறு வயது. தாராவியில் வரிசை வீடு. டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். மாதத்தில் பாதி நாள் அவனுக்கு ஜலதோஷம். மீதி நாள், ஜலதோஷம் வந்துவிடுமோ என்ற கவலை. சினிமாவுக்குக் கூப்பிட்டால் தலைவலி, சொந்தக்காரர் வந்தால் உடம்புவலி, இரண்டும் இல்லாவிட்டால் மனசு சரியில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் செண்பகவல்லி சுக்கு இடித்து இடித்து உலக்கையே தேய்ந்துவிட்டது.

கடைசியில் பார்ஸி டாக்டர் ரோஷனிடம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மருந்து எழுத மறுத்துவிட்டார். வாலிப உடம்பு துருப்பிடித்துக் கிடக்கிறது. ஓடினால் மனசு லேசாகும், தண்டால் எடுத்தால் சளி கிட்டே வராது, தலைகீழாக நின்றால் தூக்கம் வரும். எதையாவது செய், என் கண்ணில் மட்டும் படாதே என்று பம்பாய் இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றில் எது நல்லது? வானமாமலை பஸ்ஸில் உட்கார்ந்து தீர யோசித்தான். தலைகீழாக வீட்டில்தான் நிற்க வேண்டும், செண்பகவல்லி பார்ப்பாள். ஓடினால் தெருவே பார்க்கும். ஆனால் குஸ்தி சொல்லித்தரும் பிரம்மநாயகம் வஸ்தாதின் கசரத்துக் கூடம் இருக்கிறதே, அது அனுமார் இருக்கும் இடம். பெண்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே தண்டால்தான் உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தான்.

மறுநாளே லங்கோடும் துண்டுமாகக் கிளம்பி, நேரே இரானி ஹோட்டலுக்குப் போனான். பன்னும், மஸ்கா என்கிற வெண்ணெயும், ஒரு டீயும். பொறுமையாகப் பேப்பர் படித்தான். திரும்பும் வழியில் தெருக்குழாயில் பனியனை முன்னும் பின்னும் நனைத்துக்கொண்டு, கன்னத்தில் நாலு அறை அறைந்து சிவக்க வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தான்.

"ஏளா, தண்ணி குடு."

செண்பகவல்லி தண்ணீர் கொடுத்தாள். பனியனை வாங்கிக் கொடியில் காயப் போட்டு, காய்ந்த பிறகு துவைத்தாள். கசரத்து தினமும் இப்படியே நடந்தது.

மார்கழி, தை மாதங்கள். காலை நேரத்தில் கழிமுகப் பக்கமிருந்து காற்று சில்லென்று வரும். ஈரப் பனியனோடு வீடு வந்து சேர்வதற்குள் பல் கிட்டித்துவிடும். பாதி நாள் இருந்த ஜலதோஷம் முழு மாதமும் ஆனது. கசரத்து செய்து சளி பிடித்துக்கொண்ட பயில்வான் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஒருநாள் தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். செண்பகவல்லி தண்ணீரை நீட்டினாள்.

"பிரம்மநாயகம் அண்ணாச்சியப் பாத்தேன். சித்திரையில இந்த ஊரு அனுமன் ஜெயந்திக்குக் குஸ்தி வைக்காங்களாம். ஒங்க பேரக் குடுத்துட்டு வந்துட்டேன்."

வானமாமலை செம்பைக் கீழே வைத்தான். "எதுக்கு?"

"தெனமும் வேர்வை சொட்டச் சொட்ட வாரீங்க. ஊருக்குத் தெரியாண்டாமா?"

"யார் கூட?"

"பூதத்தான் கூட."

பூதத்தான் தோல் கிடங்கில் மூட்டை சுமப்பவன். இரண்டு ஆள் தூக்குகிற தோல்கட்டுகளைத் தோளுக்கு ஒன்றாகத் தூக்குவான்.

"வேண்டாம்னு சொல்லிருளா. எனக்குச் சளி புடிச்சிருக்கு."

"கசரத்து பண்ணுத ஒடம்புல சளியா? அப்பம் காலையில எங்கதான் போய்ட்டு வாரீங்க?"

உண்மையைச் சொன்னால் குழாய், மஸ்கா, பேப்பர் எல்லாம் வெளியே வரும். மத்தியானத்துக்குள் வரிசை வீடு முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் பூதத்தான். எலும்பா, மானமா என்று எடை போட்டுப் பார்த்தான். மானம்தான் கனமாக இருந்தது.

மறுநாள் இரானி ஹோட்டல் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து, வஸ்தாதின் காலில் போய் விழுந்தான். பூதத்தானிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினான். பிரம்மநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"பூதத்தான் கூடயா? மொதல்ல ஓடும் வே."

முதல் நாள் மாஹிம் வரை ஓடிப் போனவன் பஸ்ஸில் திரும்பி வந்தான். தண்டால் எடுக்கக் குனிந்தவனை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். வஸ்தாது அவனைச் சுவரோரமாகத் தலைகீழாகவும் நிற்க வைத்தார். தாராவி தலைகீழாகப் பார்க்க அப்படியொன்றும் மோசமாக இல்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஓடிவிட்டு வருகிற நாளெல்லாம் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடினான். படுத்தால் உடனே தூங்கினான். ஸ்டோரில் எல்லோரும் இருமித் தும்ம, அவன் மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனாகவே செண்பகவல்லியை மாதுங்காவுக்குச் சினிமாவுக்கு அழைத்துப் போனான். வீட்டில் சுக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. போகப் போக அவனுக்குப் பூதத்தான்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

அனுமன் ஜெயந்தி. உடம்பெல்லாம் எண்ணெயும் நெற்றியில் செந்தூரமுமாகக் கோதா ஓரத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றான் வானமாமலை. ஜோடி ஜோடியாகக் கூப்பிட்டார்கள். பூதத்தானையும் கூப்பிட்டார்கள். அவன் அம்பர்நாத்திலிருந்து வந்த ஒருவனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான். மேளம் நின்றது. தேங்காய் உடைத்தார்கள்.

"அண்ணாச்சி, என் பேரக் கூப்புடலியே?"

"உம்ம பேர யாரு வே குடுத்தா?" என்றார் வஸ்தாது. "அந்த மனுசன் வருவாரு, நல்லா ஓட விடுங்கன்னுதான உம்ம வீட்டம்மா சொல்லீட்டுப் போச்சு."

செந்தூரம் வழிய வீட்டுக்கு வந்தான். அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"ஏமாத்திட்டியேளா!"

"வேர்வை பட்ட பனியன் காஞ்சா உப்புப் பூக்கும். மொத நாள் நீங்க கொண்டாந்த பனியன்ல மஸ்காவுல்லா இருந்துச்சு."

வானமாமலைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இனி அந்தக் கூடத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று அனுமார் மேல் ஆணையிட்டான்.

"சரி" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

இந்தத் தடவை பயந்தான். "என்ன சரி?"

"அடுத்த வருசத்துக்கு ஒங்க பேரக் குடுத்தாச்சு. பூதத்தான் கூடத்தான்."

"இது நெசமா, பொய்யா?"

செண்பகவல்லி லங்கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"அத ஓடிக்கிட்டே யோசிங்க."