ஏழு கேபிள்கள் கண்ட அபிவிருத்தியார்

மனித குலத்தில் அபிவிருத்தியார் என்றோர் இனம் உண்டு. பழுதுபட்ட பொருளைச் சீர்செய்பவரோடு இவரைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அவர் சாதாரண மனிதர், பயனுள்ளவர், வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுபவர். அபிவிருத்தியார் தொடுவதோ, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பொருள்களை மட்டுமே. கதவு ஓசையில்லாமல் திறந்தால் இவருக்கு உறக்கம் பிடிக்காது. மின்விசிறி ஒழுங்காகச் சுழன்றால், இன்னும் கொஞ்சம் சுழலலாமே என்று அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பதினோரு ஆண்டுகளாக ஒரு முனகலும் இன்றி ஓடிய குடும்பக் கார் இவர் வீட்டு வாசலில் நின்றால் அதன் கதி என்ன என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும்.

நான் அறிந்த அபிவிருத்தியார் நகர நீர்வழங்கல் அலுவலகத்தில் வரைபடப் பிரிவுத் தலைவர். அவருடைய கார் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து காய்கறிக் கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போகும். நாற்பதைத் தாண்டிய வேகத்தை அதன் முள் கண்டதில்லை. இந்தக் காருக்கு, பந்தயக் கார்களுக்கென்றே செய்யப்பட்ட கிளட்ச் ஒன்றை அவர் வரவழைத்தார். எஞ்சினின் ஓட்டத்தைச் சக்கரங்களோடு சேர்த்தும் பிரித்தும் வைக்கிற உறுப்பு கிளட்ச். காலுக்கடியில் இருக்கும் மிதியையும் அதையும் இணைத்து இழுப்பது கேபிள் என்னும் எஃகு வடம். இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் தெரிந்துகொண்டவர்கள்தாம் கெட்டுப்போகிறார்கள்.

மனைவியின் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நாள் காருக்கடியில் படுத்துப் புரண்டு, கியர்பாக்ஸை இறக்கி, பழைய கிளட்சைக் கழற்றி, புதியதை ஏற்றி, எழுந்து நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் இது காரு" என்றார்.

தம்பி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். மிதி அசையவில்லை.

"அத்தான், சுவத்த மிதிக்கிற மாதிரி இருக்கு."

"நல்ல கிளட்ச் அப்படித்தான் இருக்கும் மாப்ளே. ஒனக்குக் கால்ல தெம்பு இல்ல."

அபிவிருத்தியாருக்குத் தெம்பு இருந்தது, வந்தும் சேர்ந்தது. ஐந்தாவது மாதத்தில் கால்சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர், இடது தொடையை ஒரு முறை அளந்து, சந்தேகப்பட்டு மறுமுறை அளந்து, "சார், ரெண்டு காலும் உங்களோடதுதானா?" என்று மரியாதையுடன் கேட்டார்.

கிளட்ச் மாற்றிய மூன்றாவது வாரத்திலேயே முதலாவது கேபிள் அறுந்தது. அபிவிருத்தி இனத்தாருக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: தாம் கடைசியாகத் தொட்ட பொருள் குற்றமற்றது. ஆகவே முதல் கேபிள் அறுந்ததற்குக் காரணம், அதைச் செய்தவன். இரண்டாவது அறுந்ததற்கு, அதை விற்றவன். மூன்றாவதற்கு மழை. நான்காவதற்கு, மழையின்மை. ஐந்தாவதற்கு மனைவியின் கனமான செருப்பு காரணம் என்று கண்டார். அந்த அம்மாள் கார் ஓட்டத் தெரியாதவர். மிதியின் பக்கம் கால் நீட்டியதே இல்லை. அதனால் என்ன? அதிர்வு பரவாதா?

அறுந்த கேபிள்களை அவர் எறியவில்லை. கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை கட்டினார். அட்டையில் தேதி, இடம், ஓடிய தூரம், மேற்கொண்ட நடவடிக்கை என்று நான்கு பத்திகள். நான்காம் பத்தியில் எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: "வேறு கேபிள் பொருத்தப்பட்டது." விருந்தினர் வந்தால் குடும்பப் படங்களுக்கு முன்பாக இவற்றைத்தான் காட்டுவார். எல்லாக் கேபிளும் ஒரே இடத்தில் அறுந்திருப்பதையும், மேலுறை உருகிக் கறுத்திருப்பதையும் வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பார்ப்பதற்கும் அபிவிருத்திக்கும் என்ன சம்பந்தம்?

மனைவிக்கு அது தெரியவில்லை. தெரிய வழியில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கணவர் முகமே மூன்றடிக்கு அப்பால் நனைந்த காகிதம்போல் கலங்கித் தெரிந்தது. ஆனால் மூக்கு கூர்மையானது.

"ஏங்க, வண்டிய எடுக்கும்போதெல்லாம் ஏதோ கருகுற வாசன வருதுங்க."

"அது உழைப்போட வாசன. நீ வாசல்ல போய் நில்லு."

அந்த அம்மாள் பள்ளிக்கூடமொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. கரும்பலகையில் தாம் எழுதியதைத் தாமே படிக்க முடியாமல், மாணவிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச் சமாளித்து வந்தார். கண் மருத்துவமனையில் நாள் கிடைப்பது எளிதன்று. தவறவிட்டால் அடுத்த நாளுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முதல் தடவை குறித்த நாளில், மருத்துவமனைக்கு இரண்டு தெரு முன்னால் நான்காவது கேபிள் அறுந்தது. இறங்கி நடந்துவிடலாம் என்றார் அம்மாள். "அஞ்சு நிமிஷத்துல மாட்டிடுவேன்" என்றார் அபிவிருத்தியார். ஒன்றரை மணி நேரம் கழித்து மாட்டினார். இரண்டாவது தடவை ஆறாவது கேபிள். அது வாசலைத் தாண்டும் சிரமத்தைக்கூட அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

"வாடக கார்ல போயிருக்கலாமுங்க."

"இவ்வளவு நல்ல கிளட்ச வீட்ல வச்சுக்கிட்டா?"

"இனிமே தவறினா பேர எடுத்துடுவாங்களாம். புதுசா எழுதிக்குடுத்து ஒரு வருஷம் நிக்கணும். அதுக்குள்ள எனக்குப் பள்ளிக்கூட வேல போயிடும்."

"அடுத்த தடவ பாரு" என்றார். அடுத்த தடவை என்பது இவ்வினத்தார் மிகவும் விரும்பி வாழும் காலம்.

மூன்றாவது முறை குறித்த நாள் வந்தது. அபிவிருத்தியார் அதற்கு முன்தினமே, நன்றாக இருந்த ஏழாவது கேபிளைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டியிருந்தார். அன்று காலை ஆறு மணிக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வதற்காக, எஞ்சினை ஒரு முறை உயிர்ப்பித்து நிறுத்தினார். ஒரு முறை போதுமா? பதினான்கு முறை உயிர்ப்பித்து நிறுத்தினார். அம்மாள் மருத்துவமனைக் காகிதங்களை உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு முன்னிருக்கையில் வந்து அமர்ந்தார். பதினைந்தாவது முறை எஞ்சின் உறுமியது; மிதி 'டப்'பென்று தரையோடு போயிற்று.

அவர் பாய்ந்து இறங்கி முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"நான் கெளம்புறேங்க" என்று குரல் கேட்டது.

"ம், ம். ரெண்டே நிமிஷம்."

தலை உள்ளே இருந்தபடியே ஆணைகள் வெளிவந்தன. "கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து மிதியை மிதி பாப்போம்... மிதிச்சியா?... அழுத்தி மிதிம்மா. ஒனக்கு எதுலயுமே அழுத்தம் போதாது... சரி, விடு. இப்ப மறுபடி மிதி."

தெருக்கோடிப் பட்டறையின் மெக்கானிக் சைக்கிளில் போனவர், காலை ஊன்றி நின்றார்.

"யாரோட சார் பேசுறீங்க?"

"வீட்ல மிதிக்கிறாங்க."

"வண்டியில யாருமில்லையே சார்."

அபிவிருத்தியார் தலையை வெளியே எடுத்துக் காலி இருக்கையைப் பார்த்தார். "உள்ள போயிருப்பா" என்று சொல்லி மறுபடியும் தலையை விட்டார். மெக்கானிக்கும் பக்கத்தில் குனிந்தார். உருகிய உறையைத் தொட்டார், முகர்ந்தார். எஞ்சினின் ஓரத்தில் ஒன்றும் மாட்டாமல் கிடந்த ஒரு போல்ட் துளையில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு எர்த் பட்ட இருந்திருக்கணுமே சார்?"

"பின்னல் பின்னலா, துருப்பிடிச்சு ஒண்ணு இருந்தது. கிளட்ச் மாத்தினப்ப கழட்டிட்டேன்."

"ஏன் சார்?"

"புது கிளட்ச்சுக்குப் பக்கத்துல அது நல்லாயில்ல."

மெக்கானிக் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது பாயும் பெரும் மின்சாரம், பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி அந்தப் பட்டை. அதை எடுத்துவிட்டால், மின்சாரம் எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் நடுவே தொட்டுக்கொண்டிருக்கும் வேறோர் இரும்பைத் தேடும். அங்கே இருந்தது கிளட்ச் கேபிள். "இழுத்து அறுக்கல சார். ஒவ்வொரு தடவையும் நீங்க சுட்டிருக்கீங்க. இவ்வளவு கனமான கிளட்ச்சு வேற. சுட்ட கம்பி எப்படித் தாங்கும்?"

அபிவிருத்தியாரின் முகத்தில் ஒளி பரவியது. வெட்கம் என்று நினைத்தீர்களா? வெட்கத்துக்கு அவ்வளவு ஒளி கிடையாது. ஒரு பட்டை இல்லாததால் இவ்வளவு கெடுதி என்றால், மூன்று பட்டை இருந்தால் எவ்வளவு நன்மை! மெக்கானிக்கின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் பறந்தார். மாலைக்குள் தடித்த செம்புப் பட்டைகள் மூன்றும் எட்டாவது கேபிளும் ஏறின. எஞ்சினை இருபது முறை உயிர்ப்பித்தார். கேபிள் சில்லென்று இருந்தது.

வாசகரே, உங்களுக்கும் நிம்மதியாகத்தானே இருக்கிறது? காரணம் கிடைத்துவிட்டது. கேபிள் பிழைத்தது. நல்லது. அந்த அம்மாள் எங்கே?

முந்தின நாளே தம்பியிடம் சொல்லி, தெருமுனையில் வாடகைக் கார் நிறுத்தச் செய்திருந்தார். காகித உறையை ஒரு கையில் பிடித்து, மறு கையால் மதில்களைத் தடவிக்கொண்டே ஒன்பது வீடு தாண்டிப் போய் ஏறிக்கொண்டார். குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்.

மாலையில், வலது கண்ணில் கட்டோடு, தம்பியின் தோளைப் பிடித்தபடி திரும்பினார். வாசலிலேயே அபிவிருத்தியார் எதிர்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாத்துக்கும் காரணம் எர்த்துதான்!"

"அப்படியா? சந்தோஷம்" என்றார் அம்மாள். "இடது கண்ணுக்கு அடுத்த மாசம் பத்தாம் தேதி குடுத்திருக்காங்க. வாடக காருக்கும் சொல்லிட்டேன்."

"எதுக்கு? இப்பத்தான் மூணு பட்ட போட்டாச்சே!"

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டான். நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பதற்கு முன்னால், 'மூன்று எதற்கு, ஒரு பட்டையே போதுமே' என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், நீங்களும் இவ்வினத்தார்தாம்; வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். வாடகைக் காரின் எண்ணை உங்கள் வீட்டார் எந்தப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பக்கமாகத்தான் இருக்கும்.