மஞ்சள் பந்தும் ரைட்டர் வேட்டியும்

எனக்குத் தோற்கத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்கும்தான்.) எந்த வேலையும் பழகியிருந்தால்தானே ஒழுங்காகச் செய்ய வரும்? தோற்றுப் பழகாத நான் முதன்முதலாகத் தோற்றபோது அதையும் ஒழுங்காகச் செய்யாமல், அடிவாரத்தில் அத்தனை பேர் முன்னால் மானம்கெட்டு நின்றேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். மெதுவாகத்தான் சொல்வேன். அவசரமிருப்பவர்கள் போய்விட்டு வரலாம்.

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை. மலையில் சமதரைக்கு எங்கே போவது? காப்பிக்கொட்டை காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்றுதான். பழம் எடுக்காத மாதங்களில் அது சும்மா கிடக்கும். அதில் வலை கட்டிப் பூப்பந்து ஆடுவோம். கம்பளி நூல் சுற்றிய சின்ன மஞ்சள் பந்து, நரம்பு கட்டிய பேட்டு. ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, களம் ஆண்களுக்கு. பெண்களுக்குப் புதன்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம். அந்த நேரத்துக்குப் பனி இறங்கி எதிரில் நிற்பவள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலையும் பேட்டும் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் அறையில் இருக்கும். நானும் என் நாத்தனார் செல்லியும் அவரிடம் போய் நின்றோம்.

“ஏனுங்க ரைட்டரய்யா, ஞாயித்துக்கிழமையில எங்களுக்கும் களத்த உடுங்க.”

“ஆவணியில எஸ்டேட்டுக்காரங்க எல்லாஞ் சேந்து அடிவாரத்துல போட்டி வெக்கறாங்க. ரெண்டு பேரும் போயி ஒரே ஒரு ஆட்டம் செயிச்சுட்டு வாங்க, பேசிக்கலாம்.”

“பேச்செல்லாம் வேண்டாமுங்க. தர்றன்னு சொல்லுங்க.”

“செயிச்சா தர்றன், போங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து பயிற்சி. எங்கள் பந்து பனியில் நனைந்து நனைந்து, ஊறவைத்த புளி உருண்டை மாதிரி கனக்கும். சாதாரணமாக அடித்தால் வலைக்கே போகாது. எனவே பலம் வேண்டும் என்று முடிவு செய்தேன். காலையில் தண்ணீர்க் குடத்தை வலது கையில் மட்டும் தூக்கினேன். துணி துவைக்கும்போது வீட்டுக்காரர் சட்டையை வலது கையால் மட்டும் அடித்தேன். (மூன்று சட்டை போயிற்று.) இரண்டு மாதத்தில் பந்து பின்கோட்டைத் தொட்டது. திட்டமும் போட்டேன்: நான் பின்னால் நின்று ஓங்கி அடிப்பேன், செல்லி முன்னால் நின்று குனிந்துகொள்வாள்.

“நான் எப்பத்தான் நங்கை அடிக்கறது?” என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.

“நீ அடிக்க வேண்டிய தேவையே வராது கண்ணு.”

வீட்டுக்காரர் ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “அது ஈரப் பந்து புள்ள. காஞ்ச பந்து வேற மாதிரி போவும்” என்றார்.

“உங்களுக்கு வவுத்தெரிச்சல்” என்றேன்.

ஆவணி வந்தது. பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கினோம். அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். எங்களுக்கு எதிராக வேறொரு எஸ்டேட்டிலிருந்து இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணாடி போட்டவள், ஊதினால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ரைட்டரும் வந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

புதுப் பந்து. கையில் வாங்கினால் கோழி இறகு மாதிரி இருந்தது. முதல் அடி என்னுடையது. இரண்டு மாதப் பலத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு போடு போட்டேன். பந்து வலையைத் தாண்டியது. கண்ணாடிக்காரியைத் தாண்டியது. கூட்டத்தைத் தாண்டி ரோட்டில் நின்ற சேலம் பஸ்ஸின் கூரையில் போய் உட்கார்ந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பந்து சேலம் போய்விட்டது.

இரண்டாவது பந்தையும் வேலிக்கு அப்பால் அனுப்பினேன். தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்.

நடுவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். “ஏனுங்கம்மா, இன்னும் ரெண்டு பந்துதான் இருக்குது. பாத்து அடிங்க” என்றார். பார்த்துத்தான் அடித்தேன். பார்க்கப் பார்க்கத்தான் அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இருபத்தொன்பது எடுத்தால் ஆட்டம் முடியும். பக்கம் மாற்றும்போது அவர்கள் பதினைந்து, நாங்கள் சுழியம்.

செல்லி அழுகிற நிலையில் இருந்தாள். “போச்சு நங்கை. இனி சாவற வரைக்கும் புதங்கெழமதான்.”

அப்போதுதான் முகம் கழுவ வைத்திருந்த வாளி என் கண்ணில் பட்டது. பந்தை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டு போய் அதில் முக்கினேன். ஊறும் வரை நிதானமாக நின்று, அளவாகப் பிழிந்தேன். ஆஹா, அதே கனம்! சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. எங்கள் களத்துப் பந்தின் சாயம் எந்த மழையிலோ போய்விட்டது. இது புதுப் பந்து.

பக்கம் மாறியதும் அந்தப் பந்தையே ஓங்கி அடித்தேன். பேட்டு ஈரத்தில் வழுக்கியது. பந்து கண்ணாடிக்காரியிடம் போகாமல், நேராக ரைட்டர் மடியில் சொத்தென்று விழுந்தது. அவர் எழுந்து நின்றார். வெள்ளை வேட்டியின் நடுவில், எந்த இடம் என்று நான் சொல்ல மாட்டேன், தோசை அளவுக்கு மஞ்சள் வட்டம்.

வாத்தியார் என்னிடம் வந்தார். “கையக் காட்டுங்கம்மா.”

காட்டினேன்.

“இதென்ன மஞ்சள்?”

“மஞ்சப் பூசிக் குளிச்சனுங்க.”

“உள்ளங்கையிலயா?”

“நாங்க மலைக்காரங்க. எல்லா எடத்துலயும் பூசுவோமுங்க.”

“பேட்டுக்குமா?”

முதலில் சிரித்தது செல்லி. (நாத்தனார் என்றால் அப்படித்தான்.) பிறகு அடிவாரமே சிரித்தது.

ஆட்டத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டதாக வாத்தியார் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். நான் நகரவில்லை. “தப்புத்தானுங்க. ஆனா இருபத்தொம்பது ஆவலீங்களே. நின்னு தோத்துட்டுப் போறேன்” என்றேன்.

கண்ணாடிக்காரிதான், “ஆடட்டும் உடுங்க சார்” என்றாள். கடைசிப் பந்தை எடுத்துக்கொண்டு வலையோரம் வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள்: “நொம்ப அடிக்காதீங்கக்கா. மணிக்கட்ட மட்டும் திருப்பித் தள்ளி உடுங்க. எங்க ஆளில்லியோ அங்க போடுங்க.”

ஊதினால் விழுகிறவளிடம் பாடம் கேட்பது எனக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டேன். தோளைக் கட்டிப்போட்டு மணிக்கட்டால் தள்ளினேன். பந்து வலையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. செல்லியை நிமிரச் சொன்னேன். அவள் இரண்டு மூலைக்கும் மாற்றி மாற்றிப் போட்டாள். இருபத்தொன்பதுக்கு ஏழு என்று தோற்றோம். அந்த ஏழும் காய்ந்த பந்தில் எடுத்தவை.

திரும்பும் பஸ்ஸில் ரைட்டர் மடியில் துண்டை விரித்து மூடிக்கொண்டு முன் சீட்டில் இருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரைட்டரய்யா, களம்?”

“தோத்துட்டு வந்து என்னம்மா களம்?”

“எதனால தோத்தோமுங்க? காஞ்ச பந்து எப்படிப் போவும்னு தெரியாமத் தோத்தோம். ஏன் தெரியல? வெயில் நேரமெல்லாம் ஆம்பளைங்களுக்குக் குடுத்துட்டு, எங்களப் பனியில உட்டது ஆருங்க? ஞாயித்துக்கெழம களத்த உட்டிருந்தா உங்க வேட்டி இந்நேரம் வெள்ளையா இருக்குமுங்க.”

ஒரு வளைவு போயிற்று. இன்னொரு வளைவும் போயிற்று. பஸ்ஸில் எல்லோரும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பத்து மணி வரைக்குந்தான்” என்றார் ரைட்டர்.

“பன்னண்டுங்க” என்றேன்.

பதினொன்றில் முடிந்தது. அடுத்த பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை அந்தக் களம் எங்களுடையது. வலையோரம் மெல்லத் தள்ளிவிடும் அடியை நான் என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் வெள்ளிக்கிழமை குளிக்கப் போகிறேன் என்று மஞ்சளை எடுத்தால் போதும். வீட்டுக்காரர் இருந்தவரை அவர் கேட்டார். இப்போது மாப்பிள்ளை கேட்கிறார், அதுவும் எவ்வளவு மரியாதையாக:

“ஏனுங்க அத்தை, இன்னைக்கு ஆரு வேட்டிக்குங்க?”