கூடவே வந்த வாடிக்கை

“இவர் கடையை எங்க மாத்தினாலும் நான் அங்க போவேங்க!”

சாட்சிக் கூண்டில் நின்ற பேக்கரிக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னதும் மிக்ஸி ரிப்பேர்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வக்கீலுக்கு முகம் வெளிறிவிட்டது.

“யாருங்க இது? நம்ம சாட்சியா, எதிராளி சாட்சியா?”

“நம்ம ஆளுதாங்க. தங்கமான மனுஷன்.”

“அந்தத் தங்கம் நம்மளைக் கவுத்துடுச்சு.”

இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, இருபத்திரண்டு வருஷக் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டிடச் சொந்தக்காரர். நஷ்டஈடு உண்டு என்பதில் தகராறு இல்லை. எவ்வளவு என்பதுதான் வழக்கு. இடைவேளையில் வக்கீல் மறுபடி விளக்கினார்.

“இடம் மாறினா வாடிக்கை போயிடும்னு காட்டணும். அப்பதான் போற வியாபாரத்துக்கு மதிப்புப் போட்டுக் குடுப்பாங்க. வாடிக்கை கூடவே வரும்னா, சாமான் ஏத்துற வண்டிக் கூலியும் புதுக் கடைக்குப் பெயிண்ட் செலவும்தான்.”

“புரியுதுங்க. அடுத்த சாட்சிகிட்ட என் சம்சாரத்தைப் பேசச் சொல்றேன்.”

மனைவி, அடுத்த சாட்சியான டீச்சரம்மாவை வராந்தா மூலைக்கு அழைத்துப்போய்க் காதில் ஏதோ ஓதினாள். டீச்சரம்மா பலமாகத் தலையாட்டிவிட்டுக் கூண்டேறினார்.

“மிக்ஸியை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறியாவது போவேன்!”

வக்கீல் பேனாவைக் கீழே போட்டார். “உங்களைப் பிடிக்காத ஆளு ஒருத்தர்கூட இல்லையா?”

இருந்தார். தையல்காரர். போன மாசம்தான் கடை வாசலில் பெரிய சண்டை. ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவரிடமும் மனைவியே போய்ப் பேசினாள்.

“இந்த மனுஷன் முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்காது” என்று தையல்காரர் ஆரம்பித்ததும் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா என் தையல் மெஷின் மோட்டாரை வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்!”

“போதும்” என்றார் நீதிபதி. “வாடிக்கை எங்கயும் போகாதுன்னு நல்லாவே தெரியுது.”

வண்டிக் கூலி, பெயிண்ட் செலவு என்று தீர்ப்பானது. வக்கீல் வணக்கம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ரிப்பேர்காரரோ கோர்ட் படியில் நின்று சாட்சிகளின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். தையல்காரர் கையை மட்டும் விடவே இல்லை. இத்தனை வருஷத்தில் தன்னை இப்படி யாரும் கொண்டாடியதில்லை.

புதுக் கடை திறந்த அன்று வாசல் கொள்ளவில்லை. பேக்கரிக்காரர் மாவு பிசையும் மெஷின் மோட்டாரோடு முதல் ஆளாக நின்றார்.

“உங்க அன்பை எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேங்க!” என்றார் ரிப்பேர்காரர், மோட்டாரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டே.

“நீங்க வேற! பெரிய தொகை வந்தா கடையே வைக்காம நாள் முழுக்க வீட்டுலயே உட்கார்ந்துடுவீங்கன்னு, உங்க வீட்டம்மா வீடு வீடா வந்து அழுதாங்களே, உங்களுக்குத் தெரியாதா?”