லூயிசாவை நடக்க வைத்தேன்

என் மனைவி லூயிசாவை நாற்காலியிலிருந்து எழுப்பியே தீருவது என்று ஒருநாள் சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தபோது நானும் நாற்காலியில்தான் இருந்தேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம். துறைமுகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆகி, சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்களுக்கு ஒரே பெண், ஐரின். பள்ளிக்கூட டீச்சர். முப்பது வயதுகூட முடியவில்லை. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். வந்து, கூடத்தில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய பிறகும் உட்கார்ந்தே இருந்தோம்.

லூயிசா ஜன்னலைப் பார்ப்பாள். நான் லூயிசாவைப் பார்ப்பேன். காவல் காக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. சோறு ஒரு பொழுது வேகும், ஒரு பொழுது வேகாது. நாற்காலிகளுக்கு எட்டுக் கால், எங்களுக்கு நாலு கால். பன்னிரண்டு கால் இருந்தும் அந்த வீட்டில் எதுவும் நகரவில்லை.

முன்பெல்லாம் லூயிசா இப்படியா? மீன் வாங்க பட்டினப்பாக்கம் போவாள், காய் வாங்க மயிலாப்பூர் போவாள், மாதா சபைக்குப் போவாள், குழாயடியில் நியாயம் கேட்கப் போவாள். நான் பின்னால் ஓடுவேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இப்போது நாளெல்லாம் முகத்தையே பார்க்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் சபதம்.

கச்சேரி ரோட்டில் டாக்டர் சந்திரமௌலியைப் பார்க்கப் போனேன். ரிக்‌ஷாவில்தான். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, செருப்புக்குள் போகவில்லை. அது பெரிய விஷயமில்லை.

"வாங்கோ ஆம்ப்ரோஸ். உக்காருங்கோ."

"உட்கார்றதைப் பத்திப் பேசத்தான் வந்தேன் டாக்டர். என் சம்சாரம் எழுந்திருக்கவே மாட்டேங்கறா."

"நீங்க?"

"நான் அவளைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"ஓகோ." டாக்டர் என் காலைப் பார்த்தார். "மருந்து ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் நடக்கச் சொல்லுங்கோ. நடந்தா பசிக்கும். பசிச்சுச் சாப்பிட்டா தூக்கம் வரும். இந்த வயசுல சும்மா உக்காந்தா அப்புறம் எழுந்திருக்கிறது கஷ்டம்."

"நடந்தா துக்கம் போயிடுமா டாக்டர்?"

"போகாது. ஆனா துக்கத்தைத் தூக்கிண்டு இருக்கறதுக்கும் தெம்பு வேணுமோல்லியோ?"

"நான் கூப்பிட்டா வரமாட்டாளே."

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேள். பெண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொல்ல வராதா?"

வராமல் என்ன? அன்று மாலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு லூயிசா முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர் என்னை நடக்கச் சொல்லிட்டார்."

"நடங்க."

"தனியாப் போகக்கூடாதாம். மயக்கம் வந்து விழுந்துடுவேனாம்."

"அப்படியா சொன்னார்?"

"மண்டை உடையும்னுகூடச் சொன்னார்."

லூயிசா என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கிணற்றிலிருந்து ஏறி வருகிறவள்போல எழுந்தாள். எனக்கு உள்ளே ஒரே கும்மாளம். டாக்டர் நடக்கச் சொன்னார். நான் நடிக்கத் தொடங்கினேன்.

கடற்கரையோரம் நொச்சிக்குப்பம் பக்கம் போனோம். வழியெல்லாம் ஒரு பேச்சில்லை. ரோட்டோரத்தில் மீன் விற்கிற இடம் வந்ததும், வியாதிக்கு அத்தாட்சி காட்டலாமே என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சாய்ந்தேன். நன்றாகவே சாய்ந்தேன். மீன்கூடைமேல் சாய்ந்துவிட்டேன்.

"அய்ய! இன்னா நைனா, மீன் மேல வந்து படுக்கறே!" என்று ஒரு அம்மாள் கத்தினாள். மறு நிமிஷம் ஒரு வாளித் தண்ணீர் என் முகத்தில் விழுந்தது. மீன் கழுவின தண்ணீர்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா! சரியாப் போச்சு!"

"இன்னா ஒண்ணுமில்ல? மூஞ்சி வெளுத்துக் கீது. இன்னொரு வாளி கொண்டாரட்டா?"

லூயிசா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அந்த அம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ ஐரின் டீச்சரோட அம்மாவா? மூக்கும் முழியும் அப்பிடியே கீதே."

லூயிசாவின் கை நின்றது.

"எம் பேரு முத்துலட்சுமி. என் பொண்ணு டீச்சர்கிட்டதான் படிச்சிக்கினு இருந்துச்சு. அதுக்குப் படிப்பே ஏறலைன்னு நாங்க மீன் விக்க இட்டாந்துட்டோம். டீச்சர் இங்கியே வந்து, இதோ இந்தக் கூடையாண்ட குந்திக்கினு, 'அவளை அனுப்பினாத்தான் எழுந்திருப்பேன்'னு சொல்லிச்சு. எழுந்திருக்கவே இல்லம்மா. இட்டுக்கினுதான் போச்சு. இப்ப டீச்சர் எப்ப வரும்னு அது என்னைக் கேக்குது. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

ஐரின் இதை எங்களிடம் சொன்னதில்லை.

லூயிசா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கத்தின்போதுகூட அவள் வாய்விட்டு அழவில்லை. அன்று அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும்படி அழுதாள். முத்துலட்சுமி வியாபாரத்தை விட்டுவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கூடையிலிருந்து காக்கை ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. "போவட்டும் போ" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தில் வழிந்ததெல்லாம் மீன் தண்ணீர் இல்லை.

மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்னால் லூயிசா கிளம்பி நின்றாள்.

அதற்குப் பிறகு நடக்கும்போது பேச ஆரம்பித்தாள். ஐரின் சின்ன வயதில் பூசையில் தூங்கி விழுந்தது, எனக்குத் தெரியாமல் சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொன்னது. நானும் சொன்னேன். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அது எங்களால் முடியவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு பேசலாம்.

சில நாள் அழுகையோடு திரும்பி வருவோம். ஆனால் வந்ததும் பசித்தது. வெட்கமாகக்கூட இருந்தது, இப்படிப் பசிக்கிறதே என்று. லூயிசா மறுபடி மீன் குழம்பு வைத்தாள். மறுபடி குழாயடியில் அவள் குரல் கேட்டது. தெருவே பயந்தது, எனக்கு மட்டும் சந்தோஷம்.

என் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை நடந்தே.

"டாக்டர், ஜெயிச்சுட்டேன்! எனக்கு வியாதின்னு நம்பிட்டா! நல்லா எழுந்து நடமாடறா!"

டாக்டர் குனிந்து என் காலை அமுக்கிப் பார்த்தார். "வீக்கம் நன்னா வடிஞ்சிருக்கு. மூச்சு வாங்கறதா?"

"என் காலை விடுங்க டாக்டர். நான் லூயிசாவைப் பத்திச் சொல்றேன்."

"அவாளும் உங்களைப் பத்தித்தான் சொன்னா."

"யாரு?"

"உங்க சம்சாரம். நீங்க வர்றதுக்கு முந்தின வாரமே வந்துட்டாளே. நீங்க நாற்காலியில தூங்கிண்டு இருந்தேளாம். 'அவர் கால் வீங்கிக்கிட்டே போகுது டாக்டர், சொன்னாக் கேக்க மாட்டார். எப்படியும் என்னைப் பத்திச் சொல்ல உங்ககிட்டதான் வருவார். என்னை நடக்க வைக்கணும்னு சொல்லுங்க. எனக்காகன்னா எழுந்திருப்பார்'னா." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவா அன்னிக்கு நடந்து வந்தா ஆம்ப்ரோஸ். நீங்கதான் ரிக்‌ஷாவுல வந்தேள்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. லூயிசா கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எல்லாம் வேஷமா? நீ உட்கார்ந்தது, அழுதது, எல்லாம்?"

லூயிசா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வேஷம் இல்லீங்க. நான் நிஜமாத்தான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க எனக்கு மனசே இல்லை. அவ பின்னாலயே போயிடலாம்னுதான் இருந்தேன். ஒருநாள் நீங்க தூங்கறப்போ உங்க காலைப் பார்த்தேன். எனக்கு முன்னால நீங்க போயிடுவீங்கன்னு தோணுச்சு. அவளுக்கு மண்ணு போட்ட கையால உங்களுக்கும் போடணுமான்னு பயம் வந்துடுச்சு. அதான் எழுந்தேன்."

நான் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் இரண்டு கல் பொறுக்கினேன்.

இருந்தாலும் ஆண்பிள்ளை அல்லவா? ரோஷம் வந்தது.

"இனிமே நான் நடக்க வரமாட்டேன். ஏமாந்தவன் எதுக்கு நடக்கணும்?"

"வேணாம், வராதீங்க. வெளியிலதான் நடக்கணும்னு இல்லையாம். வீட்டுக்குள்ளேயே பம்பு அடிக்கலாம், ஒட்டடை அடிக்கலாம், மாவு ஆட்டலாம். எல்லாம் ஒண்ணுதான்னு டாக்டர் சொன்னார்."

அன்று சாயங்காலம் கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் நான்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.