கவாத்து செய்யப்பட்ட மனோரஞ்சிதம்

விருத்தாசலம்,
7-9-1969

சிரஞ்சீவி சபேசனுக்கு, அத்திம்பேர் அனந்தராமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு அனைவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் நீ ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "மனோரஞ்சிதம், அத்திம்பேர். எந்தப் பழத்தை நினைச்சுண்டு மோந்தாலும் அந்த வாசனை வரும்" என்று சொல்லி வாசல் கேட்டோரம் நட்டுவிட்டுப் போன செடி இன்று பத்தடி உயரம். தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற எனக்குப் பழத்தை நினைப்பதில் சிரமமில்லை. முகர்வதற்குப் பூ வேண்டும். இதுவரை ஒரு பூவைக்கூட நான் காணவில்லை. கண்டதெல்லாம் தபால்காரர் சட்டையைக் கிழிக்கும் கொக்கிகள். உன் அக்கா பட்டம்மாளோ, "சபேசன் தாவர சாஸ்திரம் படிச்சவன், பொய் சொல்ல மாட்டான்" என்று செடிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவந்தாள்.

ஏழு ஜாதகங்கள் தட்டிப்போய் எட்டாவதாகப் பொருந்திய பெண்ணாடத்து இடம், நம் ராஜலட்சுமியைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. செடி கேட்டைத் திறக்க விடவில்லை. உன்னிடம் யோசனை கேட்டேன். "கவாத்து செய்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதினாய். 'வெட்டு' என்று எழுதியிருந்தால் கார்டில் இன்னும் இடம் மிஞ்சியிருக்கும்.

உன் சொல்லை நம்பி, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பீங்கான் தொழிற்பேட்டையில் காவலாளியாக இருக்கும் சாமிக்கண்ணுவிடம் ஆள் கேட்டு, "வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வாசலில் கவாத்து நடக்க வேண்டும்" என்றேன்.

"எத்தினி பேரு வேணும் சார்?"

"நான்கு பேர் போதும். எல்லாம் ஒரே மட்டமாக, வரிசையாக இருக்கட்டும்."

"கவலய வுடுங்க சார். ஜமாய்ச்சிடுறேன்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிள்ளை வீட்டார் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கிய கணத்தில், ஒரே உயரமுள்ள நான்கு காக்கி நிஜார்க்காரர்கள் தடியைத் தோளில் சாத்தி வாசலில் அணிவகுத்தார்கள். சாமிக்கண்ணு விசில் ஊதினார். பிள்ளையின் தகப்பனார் இரு கைகளையும் உயர்த்தினார். பின்வாங்கிய தாயாரின் பட்டு முந்தானையைச் செடி பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் கிளையோடு பிய்த்துக்கொண்டு, "போலீஸ் நிக்கற ஆத்துல சம்பந்தமா? ஏறுங்கோன்னா" என்றார். வண்டி பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டது. ராஜலட்சுமி சொஜ்ஜித் தட்டோடு நின்றாள். சொஜ்ஜியை அணிவகுப்பு சாப்பிட்டது.

"நீங்கதான சார் கவாத்துன்னீங்க? போலீஸுல கவாத்துன்னா இதான்" என்ற சாமிக்கண்ணுவுக்கும் ஒரு மனக்குறை: "அவங்க திருப்பி ஒரு சல்யூட்டுகூட வெக்கல சார்."

இன்று காலை செடியைத் தரைமட்டமாக வெட்டி எரித்துவிட்டேன். அது மனோரஞ்சிதம் அல்ல என்பதும், நீ படித்தது தாவர சாஸ்திரம் அல்ல என்பதும் என் முடிவு. இனி இங்கு வரும்போது வெறுங்கையோடு வருக.

சௌபாக்கியவதி பர்வதத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு முதல் வரியில் எழுதியதே போதும்.

இப்படிக்கு,
அனந்தராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பெண்ணாடத்திலிருந்து ஆள் வந்தான். முந்தானையில் மாட்டிப்போன கிளையில், இலையோடு இலையாக ஒரு பச்சைப் பூ இருந்ததாம். ஊர் போய்ச் சேரும்வரை பஸ் முழுக்கப் பலாப்பழ வாசனையாம். அந்த அம்மாள் மனம் இளகி, வரும் வெள்ளிக்கிழமை பெண்ணையும் செடியையும் சேர்த்துப் பார்க்க வருகிறார். பூ பச்சை நிறம் என்பதை நீ அன்றே சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமைக்குள் ஒரு செடியோடு வந்து சேர். பத்தடிக்குக் குறையக் கூடாது.