மூன்று தினுசுக் களைப்பு

கரியப்பனுக்குக் களைப்பு ஒன்றுதான். அதற்கு ஜப்பானில் மூன்று பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து களைப்பும் மூன்றாகிவிட்டது.

அவன் வேலை பார்க்கும் நஞ்சன்கூடு ஃபாக்டரியில் புது மிஷின் பூட்ட வந்த மொரிதா இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த பெயர்கள் அவை. மண்டி மொஹல்லா மாடிவீட்டில் கரியப்பன் பெண்டாட்டிக்காக அவற்றுக்குத் தானே உரை எழுதினான்.

"சுகரேத்தான்னா காபி வேணும், அஞ்சலை. குத்தகுத்தான்னா காலைப் பிடிச்சு விடணும். ஹெத்தோஹெத்தோன்னா குடமே தூக்கக்கூடாது."

"யாருங்க சொன்னது?"

"ஜப்பான்காரனே சொல்லிப்போட்டான் புள்ள!"

அன்றிலிருந்து தினமும் ஹெத்தோஹெத்தோதான். பகலெல்லாம் ஊதுபத்தி உருட்டுகிற அஞ்சலை, தெருக்குழாயிலிருந்து பத்துக் குடத்தையும் தானே மாடிக்குச் சுமந்தாள். கெட்டிக்காரத்தனம் பலித்தது என்று கரியப்பன் கட்டிலில் புரண்டான்.

பெருமைக்கு ஆசைப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரிதாவைச் சாப்பிடக் கூப்பிட்டதுதான் வினை. கோழிக்குழம்பு பாதியில் இருக்கும்போது கீழ்வீட்டு லிங்கம்மா கத்தினாள். "அஞ்சலக்கா, நீரு பந்து!" குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

அஞ்சலை கரண்டியை வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விருந்தாளியைப் பார்த்து, "ஹெத்தோஹெத்தோ" என்றாள்.

மொரிதா பதறி எழுந்தார். ஊதுபத்தி மசி ஏறிக் கறுத்திருந்த அவள் கைகளைப் பார்த்தார். இடுப்பு வளையக் குனிந்து, "ஒத்சுகரேசமா" என்றார். அப்புறம் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்!

"என்னங்க சொன்னாரு?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தான். வரவில்லை. "ரொம்பப் பாடுபட்டிருக்கீங்கன்னு. வேலை முடிஞ்சா அங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க."

அஞ்சலைக்குக் கண் நிறைந்தது. "கல்யாணமான இந்தப் பன்னெண்டு வருசத்துல இதை யாருமே எனக்குச் சொன்னதில்லீங்க."

முகம் சுளிக்காமல் இவள் சுமந்ததற்கு ஒரு வார்த்தை சொன்னோமா? ஓடிப்போய் மொரிதாவிடமிருந்து குடங்களைப் பிடுங்கினான். பத்துக் குடமும் அவனே. இந்தத் தடவை நிஜமாகவே ஹெத்தோஹெத்தோ.

கடைசிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றவன், மூச்சிரைக்க அவளுக்கு முன்னால் குனிந்தான். "ஒத்சுகரேசமா, அஞ்சலை."

அவளும் அழகாகக் குனிந்தாள். "ஒத்சுகரேசமாங்க."

பன்னிரண்டு வருஷக் களைப்பும் பறந்தது போலிருந்தது கரியப்பனுக்கு.

"அப்படியே லிங்கம்மா வீட்டுக்கும் நாலு குடம் ஊத்திட்டு வந்துருங்க. இன்னைக்கு நீங்கதான் தூக்குவீங்கன்னு நேத்தே அவகிட்டச் சொல்லி வெச்சுட்டேன்."